புது போர் (ஆழ்துளைக் கிணறு) போடுவதற்கு முன்: ஒரே தடத்தில் ஓடும் யோசனையை அகலமாக்க ஒரு வழிகாட்டி

பல்லாவரம் பக்கம் 24 வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பு எங்களுடையது. வேறு யாரும் ஒத்துக்கொள்ளாததால் அசோசியேஷன் செகரட்டரி பதவி என் தலையில் விழுந்தது. விழுந்த மறுமாதமே தண்ணீர்ப் பிரச்சினை. தினமும் 12,000 லிட்டர் லாரி ஒன்று, விலை 1,800 ரூபாய். மாதம் 54,000. லாரிக்கு மட்டும் வீட்டுக்கு 2,250 ரூபாய்.

உடனே கூட்டம் போட்டேன், வசூல் செய்தேன், 1,85,000 ரூபாய் செலவில் 350 அடிக்குப் புது போர் போட்டேன். நான்கு மாதம் தண்ணீர் வந்தது. அப்புறம் காற்று வந்தது. லிஃப்டில் யாரையும் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அதற்குப் பிறகு, வேறு வழியே இல்லாமல், வேறு மாதிரி யோசித்தோம். எட்டு வாரம், 26,350 ரூபாய். இப்போது மாதத்துக்கு ஏழெட்டு லாரிதான். அந்த எட்டு வாரத்தில் என்ன செய்தோம், எங்கே வழுக்கினோம் என்பதை வரிசையாக எழுதுகிறேன். உங்கள் தலைவலி தண்ணீராக இருக்க வேண்டியதில்லை. கடையில் வியாபாரம் படுத்திருக்கலாம், பிள்ளைக்குக் கணக்கு வராமல் இருக்கலாம். படிகள் ஏறக்குறைய ஒன்றுதான்.

1. முதலில் உங்களையே சோதித்துப் பாருங்கள் (5 நிமிடம், செலவு இல்லை)

ஒரு தாள் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று பாத்திரங்கள்: 21 லிட்டர், 127 லிட்டர், 3 லிட்டர். சரியாக 100 லிட்டர் அளக்க வேண்டும். 127-ஐ நிரப்பி, அதிலிருந்து 21-ஐ ஒரு தடவையும் 3-ஐ இரண்டு தடவையும் எடுத்தால் 100 வரும்.

அடுத்தது 14, 163, 25. வேண்டியது 99. அதே வழியில் போங்கள், வரும்.

மூன்றாவது 23, 49, 3. வேண்டியது 20.

மூன்றாவதையும் 49-இலிருந்து 23 கழித்து, இரண்டு தடவை 3 கழித்துத்தானே போட்டீர்கள்? விடை சரிதான். ஆனால் 23-இலிருந்து 3 கழித்தாலே 20. ஆபிரகாம் லூச்சின்ஸ் என்ற உளவியலாளர் 1942-இல் வெளியிட்ட சோதனை இது. முதல் சில கணக்குகளில் ஒரு வழி பழகிவிட்டால், பக்கத்திலேயே இருக்கும் குறுக்கு வழி பெரும்பாலானவர்கள் கண்ணில் படுவதில்லை.

என் கதையும் இதுதான். என் மாமனார் வீட்டில் தண்ணீர் வற்றியபோது போர் போட்டார்கள், தண்ணீர் வந்தது. என் பழைய வாடகை வீட்டிலும் அப்படியே. மூன்றாவது இடத்திலும் நான் அதையே செய்தேன். ஆகவே உங்கள் பிரச்சினைக்குச் சட்டென்று ஒரு தீர்வு தோன்றினால், அது எங்கிருந்து வந்தது என்று தாளின் ஓரத்தில் எழுதி வையுங்கள். "போன தடவை இப்படித்தான் செய்தோம்" என்பது தவிர வேறு காரணம் இல்லையென்றால், பணம் கட்ட இன்னும் நாள் இருக்கிறது.

2. கேள்விக்குள் தீர்வு ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள்

எங்கள் முதல் கூட்டத்தின் மினிட்ஸ் புத்தகத்தில் பொருள் என்ற இடத்தில் "புது போர் எங்கே போடுவது" என்று நானே எழுதியிருக்கிறேன். இப்படி எழுதிவிட்டால் கூட்டத்தில் வடகிழக்கு மூலையா, ஜெனரேட்டர் பக்கமா என்பதைத் தவிர எதைப் பற்றிப் பேச முடியும்? நீரோட்டம் பார்ப்பவருக்குக் கொடுத்த 2,000 ரூபாயும் அந்தக் கேள்வியின் செலவுதான்.

ஒரே பிரச்சினையைக் குறைந்தது மூன்று விதமாக எழுதுங்கள். நாங்கள் எழுதியவை:

தண்ணீரை எப்படி அதிகமாகக் கொண்டுவருவது?
இருக்கிற தண்ணீர் எங்கே போகிறது?
லாரிக் காசை எப்படிக் குறைப்பது?

மூன்றும் ஒன்றுபோலத் தெரியும். ஆனால் முதல் கேள்வி போர்க்காரரிடம் அனுப்பும், இரண்டாவது பிளம்பரிடம், மூன்றாவது லாரிக்காரரோடு பேரம் பேச. கேள்வி மாறினால் நீங்கள் போய் நிற்கும் வாசல் மாறும். இந்தப் படிக்கு அரை மணி நேரம் போதும். நாங்கள் இதை ஒன்றரை ஆண்டு தாமதமாகச் செய்தோம்.

3. காகிதங்களைச் சேருங்கள் (ஒரு வாரம்)

யோசனையை அகலமாக்குவது என்றால் கண்ணை மூடி உட்கார்ந்து கற்பனை செய்வது என்று நினைத்திருந்தேன். உண்மையில் அது பெரும்பாலும் பழைய ரசீது தேடும் வேலை. நாங்கள் சேர்த்தவை:

லாரி ரசீதுகள், 12 மாதத்துக்கு. பொதுப் பயன்பாட்டு மின் இணைப்பின் ரசீதுகள், ஓர் ஆண்டுக்கு ஆறு. மோட்டார் எவ்வளவு ஓடியது என்பதை இது காட்டிக்கொடுக்கும். போர் போட்டவர் கொடுத்த சீட்டு, எத்தனை அடி, கேசிங் (மண் சரியாமல் இறக்கும் குழாய்) எதுவரை, எந்த அடியில் ஈரம் தட்டியது என்ற விவரங்களோடு. குழாய்கள் ஓடும் வரைபடம். குடியிருப்பவர்கள் எண்ணிக்கை, வீடு வீடாக.

வரைபடம் எங்களிடம் இல்லை. கட்டியவர் போனை எடுப்பதே இல்லை. கடைசியில் நானும் பிளம்பர் தம்பியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடி ஏறி, வால்வு வால்வாக மூடித் திறந்து, யார் வீட்டில் தண்ணீர் நிற்கிறது என்று கத்திக் கேட்டுக் கேட்டு நாங்களே வரைந்தோம். இரண்டு வால்வு எதற்கு இருக்கிறதென்று இன்றுவரை புரியவில்லை.

இங்கே உள்ள பொறி: குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் வருவதைக் காகிதமாக எண்ணிவிடாதீர்கள். "இரண்டாவது மாடியில்தான் தினம் கார் கழுவுகிறார்கள்" என்பது கோபம். தகவல் ஆக வேண்டுமென்றால் அதற்குப் பக்கத்தில் ஓர் எண் வேண்டும்.

உங்கள் பிரச்சினை வீட்டு மின்கட்டணம் என்றால் இதே படி இன்னும் சுலபம். கடைசி ஆறு ரசீதுகளையும் அடுக்கி வைத்து யூனிட்டை மட்டும் பாருங்கள். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணப் பட்டியலே மாறிவிடும். 495-க்கும் 505-க்கும் உள்ள வித்தியாசம் பத்து யூனிட்டின் காசோடு நிற்காது. ஏசியைத் திட்டுவதற்கு முன் அந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

4. குத்துமதிப்பாகக் கணக்குப் போடுங்கள் (ஒரு மாலை)

எங்களைத் திருப்பிப் போட்டது இந்தப் படிதான்.

வரவு: லாரி நாளுக்கு 12,000 லிட்டர். புது போருக்கு முன்பிருந்தே ஓடும் பழைய போர் எவ்வளவு தருகிறது என்று யாருக்கும் தெரியாது. 200 லிட்டர் டிரம் ஒன்றை வைத்து நேரம் பார்த்தோம், நிரம்ப 4 நிமிடம். நிமிடத்துக்கு 50 லிட்டர். மோட்டார் நாளுக்கு மூன்று மணி நேரம் ஓடுகிறது. அப்படியானால் 9,000 லிட்டர். மொத்தம் 21,000.

தேவை: தலைகளை எண்ணினோம், 78 பேர். பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களுக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது மத்திய அரசின் வழிகாட்டு அளவு. பெருக்கினால் 10,530.

21,000 வருகிறது. தேவை பத்தரை ஆயிரம். டைனிங் டேபிளில் இந்தக் கணக்கை மூன்று தடவை போட்டேன். என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "அப்போ தினமும் ஒரு லாரித் தண்ணி நம்ம காலுக்குக் கீழேதான் போகுது" என்றாள். நான் அந்தத் தண்ணீரைத்தான் 350 அடிக்குக் கீழே தேடிக்கொண்டிருந்தேன்.

குத்துமதிப்புக் கணக்கில் பத்து, இருபது விழுக்காடு தப்பு வரலாம், பரவாயில்லை. இரண்டு மடங்கு வித்தியாசம் வந்தால் கணக்கு சரியா என்று ஒரு முறை பாருங்கள். சரியென்றால் பிரச்சினை நீங்கள் நினைத்த இடத்தில் இல்லை.

5. "ஏன்" கேளுங்கள், ஆனால் ஒற்றையடிப் பாதையாகப் போகாதீர்கள்

டொயோட்டா நிறுவனத்தில் பழகிய முறை ஒன்று உண்டு: ஐந்து தடவை "ஏன்" கேட்டால் வேர் வரை போகலாம் என்பது. நான் முதலில் இதைச் செய்தபோது இப்படிப் போனது. ஏன் தண்ணீர் இல்லை? போர் வற்றிவிட்டது. ஏன்? நிலத்தடி நீர் இறங்கிவிட்டது. ஏன்? மழை சரியில்லை. நான்காவது ஏனுக்கு வருண பகவான்தான் பதில் சொல்ல வேண்டும்.

தவறு எங்கே என்றால், ஒவ்வொரு ஏனுக்கும் ஒரே பதிலை எழுதினேன். முதலில் தோன்றும் பதில் எப்போதும் நமக்குப் பழக்கமான பதில். ஒவ்வொரு ஏனுக்கும் குறைந்தது இரண்டு பதில் எழுத வேண்டும் என்று விதி வைத்துக்கொண்டேன். "ஏன் தண்ணீர் இல்லை?" போர் வற்றியது என்பது ஒன்று; மேலே ஏற்றிய தண்ணீர் வீட்டுக்குப் போய்ச் சேரவில்லை என்பது இன்னொன்று. இரண்டாவது கிளையில் ஏன் கேட்டுக்கொண்டே போனபோது குழாய், வால்வு, ஃப்ளஷ் டேங்க் என்று கைக்கு எட்டும் பொருள்களாக வந்தன.

கைக்கு எட்டாத இடத்தில் ஒரு கிளை முடிந்தால் அதை அப்படியே விட்டுவிடுங்கள். மழையை நீங்களும் நானும் ரிப்பேர் செய்ய முடியாது.

6. தலைகீழாகக் கேளுங்கள்

"தண்ணீரை எப்படிச் சேமிப்பது?" என்று கேட்டால் எல்லோரும் பள்ளிக் கட்டுரை ஒப்பிப்பார்கள். நாங்கள் மாற்றிக் கேட்டோம்: "நம்ம குடியிருப்பில் தண்ணியை வீணாக்கணும், யாருக்கும் தெரியக் கூடாது. என்ன செய்யலாம்?"

பிள்ளைகள்தான் விளாசித் தள்ளினார்கள். மழைநீர்த் தொட்டியை மண்ணால் மூடிவிடலாம். ஃப்ளஷ் டேங்க் உள்ளே ஓட்டை போடலாம். மோட்டாரைப் போட்டுவிட்டுத் தூங்கப் போகலாம். கடைசியாகச் சொன்னதைக் கேட்டு வாட்ச்மேன் அண்ணன் சிரித்தார். சிரித்துவிட்டுத் தரையைப் பார்த்தார். "காலையில அஞ்சு மணிக்குப் போடுறேன் சார். சில நாள் கண்ணு அசந்துடுது. மேல வழியுற சத்தம் கேட்டுத்தான் முழிப்பேன்" என்றார்.

ஒன்றரை ஆண்டாக யாரும் அவரிடம் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் "மோட்டாரை ஒழுங்காக நிறுத்துகிறாயா?" என்று கேட்டிருப்போம், "நிறுத்துறேன் சார்" என்றிருப்பார். தலைகீழ்க் கேள்வியில் யாரும் குற்றவாளி இல்லை, எல்லோரும் சதிகாரர்கள். அதனால் வாய் திறக்கிறது.

பட்டியல் முடிந்ததும் ஒவ்வொரு வரிக்கும் எதிரே "இதை நாம் ஏற்கெனவே செய்கிறோமா?" என்று எழுதிக்கொண்டு போய்ச் சரிபாருங்கள். எங்களுக்கு ஆறு வரியில் "ஆமாம்" விழுந்தது. மழைநீர்த் தொட்டி அதில் ஒன்று. தமிழ்நாட்டில் 2003-இலிருந்து எல்லாக் கட்டடங்களுக்கும் அது கட்டாயம். எங்களிடமும் இருந்தது, மேலே பூந்தொட்டி வைத்திருந்தோம். மொட்டை மாடி 5,000 சதுர அடி, சென்னையின் சராசரி ஆண்டு மழை சுமார் 1,400 மில்லிமீட்டர். முழுதாகப் பிடித்தால் ஏறக்குறைய ஆறரை லட்சம் லிட்டர், அதாவது 54 லாரி. எல்லாவற்றையும் பிடிக்க முடியாது, தெரியும். அதில் பாதி மண்ணுக்குள் இறங்கினாலும் லாபம்தானே.

7. கூட்டம் போடாதீர்கள், முதலில் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள்

கூட்டத்தில் முதலில் பேசுபவர் தடம் போட்டுவிடுகிறார். எங்கள் குடியிருப்பின் ஓய்வுபெற்ற இன்ஜினியர் ஐயா "போர்தான்" என்றார், அதோடு சரி. கூடிப் பேசுவதைவிடத் தனித்தனியாக யோசித்து எழுதிப் பிறகு சேர்த்தால் யோசனைகள் அதிகம் கிடைக்கும் என்று யேல் பல்கலைக்கழகத்தில் 1958-லேயே சோதித்துக் காட்டிவிட்டார்கள். ஆளுக்கொரு துண்டுச் சீட்டு, பெயர் வேண்டாம், மூன்று நாள் அவகாசம். பிறகு கூடுங்கள்.

சீட்டு எழுதாதவர்களை மறக்காதீர்கள். வீட்டு வேலைக்கு வரும் அக்கா ஒருவர் நான்கு வீட்டில் வேலை செய்கிறார். எந்த வீட்டு ஃப்ளஷ் டேங்க் எப்போதும் "உஸ்" என்று சத்தம் போடும் என்பது அவருக்குத்தான் தெரிந்திருந்தது.

8. பெரிய செலவுக்கு முன் சின்னச் சோதனை (இரண்டு வாரம், சுமார் 100 ரூபாய்)

இப்போது கையில் நிறைய சந்தேகங்கள் இருக்கும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் சரிசெய்யத் தோன்றும். செய்தால் எது வேலை செய்தது என்றே தெரியாது. ஒவ்வொன்றாகச் செய்யுங்கள், ஒவ்வொன்றுக்குப் பிறகும் அளந்து பாருங்கள்.

அளவுகோல் எங்களுக்கு ஒரு தையல்காரர் டேப். இரவு ஒரு மணிக்கு மேல்நிலைத் தொட்டியின் மூடியைத் திறந்து, மோட்டார் அணைத்திருக்கும்போது நீர்மட்டத்தை அளந்தேன். மறுபடி நான்கு மணிக்கு. ஊர் தூங்கும் நேரம், யாரும் குளிக்கப் போவதில்லை. மட்டம் 9 சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. தொட்டி 4 மீட்டருக்கு 3 மீட்டர். ஆக மூன்று மணி நேரத்தில் 1,080 லிட்டர், நாள் முழுக்க இதே வேகம் என்றால் 8,640. கைப்பேசி வெளிச்சத்தில் அந்த ஈரக் கோட்டைப் பார்த்தபோது வந்த மகிழ்ச்சியைச் சொன்னால் சிரிப்பீர்கள்.

அடுத்தது சொட்டு நீலம். வேட்டிக்குப் போடுவோமே, அதேதான். ஃப்ளஷ் டேங்க்கின் மூடியைத் திறந்து பத்துச் சொட்டு விட்டு, அரை மணி நேரம் யாரும் ஃப்ளஷ் செய்யாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கீழே கோப்பையில் நீலம் தெரிந்தால் உள்ளே ரப்பர் தேய்ந்து கசிகிறது என்று அர்த்தம். 48 கழிப்பறைகளில் 11-இல் நீலம் இறங்கியது. மாற்றினோம். மறுபடி இரவு அளவு: 9 சென்டிமீட்டர் 4 ஆகியிருந்தது. மிச்சம் எங்கே? பி பிளாக்கின் வால்வை மட்டும் மூடி அளந்தபோது மட்டம் அசையவே இல்லை. அந்தப் பிளாக் டக்ட்டுக்குள், அதாவது குழாய்கள் இறங்கும் சந்துக்குள், ஒரு ஜாயின்ட் விட்டுப்போயிருந்தது. அதையும் அடைத்தபின் அரை சென்டிமீட்டர்.

பொறி ஒன்று: சிலர் சோதனைக்கே கதவைத் திறக்க மாட்டார்கள். "எங்க வீட்ல எல்லாம் சரியா இருக்கு" என்பார்கள். வாதாடாதீர்கள். நீலப் பாட்டிலைக் கையில் கொடுத்து, அவர்களையே செய்துபார்க்கச் சொல்லுங்கள்.

9. செலவும் நாளும்

எங்களுக்கு ஆனது: 11 ஃப்ளஷ் டேங்க்குக்குத் தலா 350 வீதம் 3,850. டக்ட் குழாய் 6,500. தொட்டி நிரம்பினால் மோட்டாரைத் தானே நிறுத்தும் கருவி 4,200. வெளியேறும் குழாயில் மீட்டர் 2,800. மழைநீர்த் தொட்டி தூர்வாரி ஜல்லி மாற்ற 9,000. மொத்தம் 26,350 ரூபாய். ஊருக்கு ஊர் விலை மாறும், மூன்று பேரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சனவரியில் தொடங்குங்கள். மே மாதம் தொடங்கினால் எல்லோரும் கொதித்துப்போய் இருப்பார்கள், அந்தச் சூட்டில் போரைத் தவிர வேறெதுவும் காதில் ஏறாது. மழைநீர்த் தொட்டி வேலையை மட்டும் செப்டம்பருக்குள் முடித்துவிட வேண்டும், அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் போர்தான் வழி என்று கணக்கு சொன்னால் தாராளமாகப் போடுங்கள். ஆனால் சென்னையிலும் அதைச் சுற்றிய பல கிராமங்களிலும் அனுமதி வாங்காமல் போடக் கூடாது, 1987-இலிருந்தே சட்டம் இருக்கிறது. எங்கள் பகுதியைப் போலக் கீழே கருங்கல் பாறை என்றால், பாறை வெடிப்பில் தண்ணீர் இருந்தால்தான் உண்டு. ஆழம் கூடினால் தண்ணீர் கூடும் என்று யாராவது சொன்னால் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள்.

எப்போது யோசிப்பதை நிறுத்துவது என்றும் கேட்பீர்கள். முடிவுத் தேதியை முதல் நாளே காலண்டரில் வட்டம் போட்டுவிடுங்கள். நாங்கள் எட்டு வாரம் என்று வைத்தோம். வைக்காவிட்டால் இன்ஜினியர் ஐயா இன்னும் சீட்டு எழுதிக்கொண்டிருப்பார்.

ஆறு மாதத்துக்கு ஒரு தடவை இரவு அளவும் நீலச் சோதனையும் மறுபடி செய்யுங்கள், ரப்பர் திரும்பத் தேயும். போன தடவை செய்தபோது மூன்று கழிப்பறைகளில் நீலம் இறங்கியது. அதில் ஒன்று என் வீடு.